உதைபந்து வட அமெரிக்காவின் பெரிய விளையாட்டுகளில் ஒன்றா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்கார்பரோ பகுதியில் இருப்பவன். கோடை வந்தால் ரொறன்ரோவில் பழைய மாணவர் சங்கங்களின் உதைபந்துச் சுற்றுப்போட்டிகள் தொடங்கிவிடும். கோட்டுக்கு வெளியே மடக்குக் கதிரையில் இருந்து, ஒரு கையில் ரோல்ஸும் மறு கையில் பிளேன்டீயுமாக ஆட்டம் பார்க்கும்போது யாராவது ஆரம்பிப்பார்: "இவ்வளவு சனம் விளையாடுது, பிறகேன் இந்த நாட்டில இதை ஒரு பெரிய விளையாட்டா மதிக்கிறாங்கள் இல்லை?" இன்னொருவர் உடனே, "மெஸ்ஸியே வந்திட்டான், இனி என்ன வேணும்?" என்பார். ஊரிலிருந்து வந்த விருந்தாளி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்ப்பார். அந்த வாக்குவாதத்தில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும் என் பதில்களும் கீழே.

சுருக்கமாகச் சொல்லுங்கள்: ஆமா, இல்லையா?

விளையாட்டைக் கேட்கிறீர்கள் என்றால் ஆம். இங்குள்ள ஆண்கள் தொழில்முறை லீக்கான எம்எல்எஸ்ஸை (மேஜர் லீக் சொக்கர்) கேட்கிறீர்கள் என்றால் இன்னும் இல்லை. ஒருவர் விளையாட்டைப் பற்றிப் பேச, மற்றவர் லீக்கைப் பற்றிப் பேசுவதால்தான் இந்த வாக்குவாதம் முடிவதே இல்லை.

ஐஸ் ஹொக்கிப் பைத்தியம் பிடித்தவருக்கு என்எச்எல் என்ற லீக்கை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. உதைபந்துப் பைத்தியத்துக்கு இங்கிலாந்து இருக்கிறது, ஸ்பெயின் இருக்கிறது, மெக்சிக்கோ இருக்கிறது. அவருடைய நேரமும் காசும் பல பக்கம் பிரிந்து போகின்றன. உள்ளூர் லீக்குக்கு வருவது அதில் ஒரு பங்குதான்.

உதைபந்து, கால்பந்து, ஃபுட்போல், சொக்கர்: எதைச் சொல்வது?

நாங்கள் உதைபந்தாட்டம் என்போம், தமிழ்நாட்டில் கால்பந்து என்பார்கள், இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அது சொக்கர். அமெரிக்காவில் 'ஃபுட்போல்' என்றால் தலைக்கவசம் போட்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடும் விளையாட்டு. 'சொக்கர்' அமெரிக்கன் கண்டுபிடித்த சொல் என்று பலர் நக்கலடிப்பார்கள். உண்மையில் அது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்து மாணவர்கள் 'அசோசியேஷன் ஃபுட்போல்' என்பதைச் செல்லமாகச் சுருக்கியதில் பிறந்த சொல். பெற்றவர்கள் கைவிட்ட பிள்ளையை இங்கே வளர்த்தெடுத்திருக்கிறார்கள்.

'பெரிய நான்கு' என்கிறார்களே, அவை எவை? யார் தீர்மானித்தது?

அமெரிக்கன் ஃபுட்போலின் என்எஃப்எல், பேஸ்போலின் எம்எல்பி, கூடைப்பந்தின் என்பிஏ, ஐஸ் ஹொக்கியின் என்எச்எல். யாரும் கூடியிருந்து தீர்மானித்ததில்லை. பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் சொல்லிச் சொல்லி நிலைத்துப்போன பட்டியல் அது. நான்குமே கிழட்டு லீக்குகள். பேஸ்போலின் நேஷனல் லீக் 1876இல் தொடங்கியது. என்எச்எல் 1917இல், என்எஃப்எல் 1920இல், என்பிஏ 1946இல். 1996இல் முதல் பந்தை உதைத்த எம்எல்எஸ் இவற்றுக்கு முன்னால் நேற்றுப் பிறந்த பிள்ளை. அணிகளின் எண்ணிக்கையில் மட்டும் குறையில்லை: மற்றவற்றில் 30 அல்லது 32 அணிகள், எம்எல்எஸ்ஸிலும் இப்போது 30.

என்னுடைய அளவுகோல் வேறு. அந்த விளையாட்டைத் துளியும் பார்க்காத ஒருவருக்கு, இறுதியாட்டத்தில் யாரோடு யார் மோதுகிறார்கள் என்பது வேலையிடத்தில் தானாகக் காதில் விழுகிறதா? என்எஃப்எல்லின் இறுதியாட்டமான சூப்பர் போல் விழும். ஹொக்கியின் ஸ்டான்லி கோப்பை, கனடாவில், கட்டாயம் விழும். எம்எல்எஸ் இறுதியாட்டம் டிசம்பரில் வரும். உதைபந்தே கதி என்று கிடக்கும் நானே ஒரு வருடம் அதை மறந்துபோய், மறுநாள் காலை போனில்தான் முடிவைப் பார்த்தேன்.

எம்எல்எஸ்ஸுக்கு முன்பு இங்கே உதைபந்தே இருக்கவில்லையா?

இருந்தது. வந்து, செழித்து, செத்து, மறுபடி வந்த கதை அது. 1921இல் தொடங்கிய அமெரிக்கன் சொக்கர் லீக்கில் பென்சில்வேனியாவின் பெத்லஹேம் ஸ்டீல் போன்ற தொழிற்சாலை அணிகள் ஆடின. ஸ்கொட்லாந்திலிருந்து ஆட்டக்காரர்களைச் சம்பளம் கொடுத்து இழுத்து வந்தார்கள். 1930இல் நடந்த முதல் உலகக் கோப்பையில் அமெரிக்கா அரையிறுதி வரை போனது. உட்சண்டையாலும் பொருளாதார மந்தத்தாலும் அந்த லீக் 1933இல் மடிந்தது. 1950இல் பிரேசிலில் அமெரிக்கா இங்கிலாந்தை 1-0 என்று தோற்கடித்தது. கோல் போட்ட ஜோ கேட்ஜென்ஸ் ஹெய்ட்டியிலிருந்து வந்த மாணவர், நியூயோர்க்கில் உணவகமொன்றில் கோப்பை கழுவிக்கொண்டு படித்தவர். அதற்குப் பிறகு 40 வருடம் அமெரிக்கா உலகக் கோப்பைக்கே தகுதி பெறவில்லை.

அடுத்த அலை 1968இல் தொடங்கிய என்ஏஎஸ்எல் (நோர்த் அமெரிக்கன் சொக்கர் லீக்). 1975இல் பிரேசிலின் பீலே நியூயோர்க் கொஸ்மோஸுக்கு வந்தார். 1977 ஓகஸ்டில் ஜயன்ட்ஸ் ஸ்டேடியத்தில் நடந்த ஓர் ஆட்டத்துக்கு 77,691 பேர் வந்தார்கள். "இனி உதைபந்துதான்" என்று அன்றைக்கும் எழுதினார்கள். லீக் அவசரப்பட்டு 24 அணிகளாக ஊதியது. கொஸ்மோஸ் போலச் செலவழிக்கப் போன அணிகள் ஒவ்வொன்றாக முறிந்தன. 1984இன் ஆட்டங்களோடு கடையைப் பூட்டிவிட்டார்கள்.

எங்களுக்குப் பிடிக்கக்கூடிய ஒரு கிளைக்கதையும் இதில் இருக்கிறது. 1976இல் என்ஏஎஸ்எல் கிண்ணத்தை வென்றது ரொறன்ரோ மெட்ரோஸ்-குரோஷியா. குரோஷிய சமூகத்தின் கழகத்தோடு இணைந்த அணி அது, பெயரிலேயே ஊர் இருக்கிறது. அமெரிக்கத்தனமாகத் தெரிய விரும்பிய லீக் நிர்வாகத்துக்கு அந்தப் பெயர் தொண்டையில் சிக்கிய முள். இறுதியாட்டத்தில் கோல் போட்டவர்களில் ஒருவர் போர்த்துக்கலின் யூசேபியோ. குடியேறிகளின் கழகம் ஒன்று, லீக் ஒளித்துவைக்க நினைத்த பெயரோடு கிண்ணத்தைத் தூக்கியது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் சங்கங்களின் சுற்றுப்போட்டிதான் ஞாபகம் வரும்.

எம்எல்எஸ் எப்படித் தப்பிப் பிழைத்தது?

மயிரிழையில். 1994 உலகக் கோப்பையை நடத்தும் உரிமையை 1988இல் வாங்கும்போது, ஒரு தொழில்முறை லீக் தொடங்குவோம் என்று அமெரிக்கா ஃபிஃபாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தது. அது 1996இல் பத்து அணிகளோடு வந்தது. அமெரிக்கர்களுக்குப் பிடிக்கவேண்டும் என்று செய்த கூத்துகளைக் கேட்டால் சிரிப்பீர்கள். கடிகாரம் 45இலிருந்து பூச்சியத்துக்குப் பின்னோக்கி ஓடியது. சமநிலையில் முடிந்தால் ஆட்டக்காரர் 35 யார் தூரத்திலிருந்து பந்தோடு ஓடிவந்து காப்பாளரைத் தனியே சந்திக்கவேண்டும். ஓர் அணியின் பெயர் கன்சாஸ் சிட்டி விஸ் (ஆங்கிலப் பேச்சில் 'விஸ்' என்றால் சிறுநீர் கழிப்பது). இதையெல்லாம் உதைபந்து தெரிந்தவன் பார்த்துச் சிரித்தான், தெரியாதவன் பார்க்கவே வரவில்லை.

அணிகள் பன்னிரண்டாகியிருந்த லீக்கில், 2002 தொடக்கத்தில் மயாமி, டாம்பா பே அணிகள் இரண்டையும் மூடினார்கள். மிச்சப் பத்தையும் பிலிப் அன்ஷுட்ஸ், லமார் ஹன்ட், ரொபர்ட் கிராஃப்ட் என்ற மூன்று பணக்காரர்கள் தாங்கிப் பிடித்தார்கள். ஒரு கட்டத்தில் அன்ஷுட்ஸின் கையில் மட்டும் ஆறு அணிகள். ஒரே முதலாளியின் இரண்டு அணிகள் ஒன்றோடொன்று மோதுவதை என்ன போட்டி என்று சொல்வது? ஆனால் அந்த மூவரும் கையை விரித்திருந்தால் இன்று இந்தக் கேள்வியே இல்லை.

திருப்புமுனை 2007. இங்கிலாந்தின் பெக்காம் லொஸ் ஏஞ்சலஸுக்கு வந்ததும் அந்த வருடம்தான், ரொறன்ரோ எஃப்சி சேர்ந்ததும் அந்த வருடம்தான். எனக்குப் பெக்காமை விட ரொறன்ரோ முக்கியமாகப் படுகிறது. அரங்கு நிறைந்த கூட்டம் 90 நிமிடமும் பாடிக்கொண்டே நிற்கும் காட்சியை மற்ற நகரங்களின் பணக்காரர்கள் அங்கேதான் பார்த்தார்கள். லீக்கில் சேர ரொறன்ரோ கட்டியது 10 மில்லியன் டொலர். 2025இல் முப்பதாவது அணியாக வந்த சான் டியேகோ கட்டியது 500 மில்லியன்.

மைதானத்துக்கு வரும் கூட்டத்தில் எம்எல்எஸ் ஹொக்கியையும் கூடைப்பந்தையும் முந்திவிட்டதாமே?

சராசரியில் உண்மை. 2024இல் எம்எல்எஸ் ஆட்டமொன்றுக்குச் சராசரியாக 23,000 பேர் வந்தார்கள். என்பிஏயில் அது ஏறத்தாழ 18,000, என்எச்எல்லில் 17,000 சொச்சம். எம்எல்எஸ் விசிறிகள் இந்த எண்ணைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு திரிவார்கள்.

ஆனால் கணக்கை முழுதாகப் போடவேண்டும். ஹொக்கி அரங்கில் அதற்கு மேல் ஆசனமே இல்லை. அந்த வருடக் கணக்கில் ஒரு ஹொக்கி அணி சொந்த ஊரில் 41 ஆட்டம் ஆடியது, எம்எல்எஸ் அணி 17தான். 17ஐ 23,000ஆல் பெருக்கினால் நாலு இலட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. 41ஐ 17,000ஆல் பெருக்கினால் ஏழு இலட்சம். அதுவும் குளிர்காலச் செவ்வாய்க்கிழமை இரவுகளில், அதிக விலை டிக்கெட்டுக்கு. பேஸ்போலின் 81 உள்ளூர் ஆட்டங்களைப் பெருக்கப் போனால் விவாதமே படுத்துவிடும்.

அதற்காக எம்எல்எஸ் கூட்டத்தைத் தட்டிக் கழிக்கவும் முடியாது. அட்லாண்டாவில் 2018 இறுதியாட்டத்துக்கு 73,019 பேர் வந்தார்கள். 2023 ஜூலை 4இல் லொஸ் ஏஞ்சலஸின் இரண்டு அணிகளும் ரோஸ் போல் அரங்கில் மோதியபோது 82,110 பேர். கொலம்பஸ் அணியை அதன் அப்போதைய முதலாளி ஒஸ்டினுக்குக் கொண்டுபோகப் பார்த்தபோது, ஊர்ச்சனம் ஒரு வருடம் விடாமல் போராடி அணியைத் தக்கவைத்துக்கொண்டது. பெரிய லீக்குகளிலேயே அணிகளை இரவோடிரவாக ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அப்படியானால் உண்மையான வித்தியாசம் எங்கே?

தொலைக்காட்சியில். இதைத்தான் நான் எல்லாருக்கும் ஆறுதலாக இருந்து விளங்கப்படுத்துவது.

என்எஃப்எல் 2021இல் செய்த ஒப்பந்தங்கள் 11 வருடத்துக்கு 110 பில்லியன் டொலர் அளவில். என்பிஏ 2025இலிருந்து 11 வருடத்துக்கு 76 பில்லியன். எம்எல்எஸ் 2023இலிருந்து ஆப்பிளோடு பத்து வருடத்துக்கு 2.5 பில்லியன், அதாவது வருடத்துக்கு 250 மில்லியன் என்று முதலில் எழுதிக்கொண்டது. கனடாவில் ரொஜர்ஸ் நிறுவனம் ஹொக்கிக்கு மட்டும் 2014இலிருந்து 12 வருடத்துக்கு 5.2 பில்லியன் கனடிய டொலர் கொடுத்தது. 2026இலிருந்து வரும் அடுத்த 12 வருடத்துக்கு 11 பில்லியன்.

சரி, அமெரிக்கர்களுக்கு உதைபந்து பிடிக்காது என்று முடிவு கட்டிவிடலாமா? அவசரப்படாதீர்கள். இங்கிலாந்துப் பிரீமியர் லீக்கை அமெரிக்காவில் காட்ட என்பிசி தொலைக்காட்சி ஆறு வருடத்துக்கு ஏறத்தாழ 2.7 பில்லியன் கொடுக்கிறது. வருடத்துக்கு 450 மில்லியன்! கடல் கடந்து, கிழக்குக் கரையில் காலை ஏழரைக்கே தொடங்கும் ஆட்டங்களுக்கு, உள்ளூரில் மாலையில் நடக்கும் ஆட்டத்தை விட அதிக காசு. 2022 உலகக் கோப்பை இறுதியாட்டத்தை அமெரிக்காவில் ஆங்கிலத்திலும் ஸ்பானியத்திலுமாக 25 மில்லியனுக்கும் அதிகமானோர் பார்த்தார்கள். பார்க்க ஆளிருக்கிறது. பார்ப்பது எம்எல்எஸ்ஸை இல்லை.

எங்கள் வீட்டிலேயே இதைக் காணலாம். சனிக்கிழமை காலை ஏழரைக்கு மகனை யாரும் எழுப்பத் தேவையில்லை. போர்வையைச் சுற்றிக்கொண்டு சோபாவில் குந்தியிருப்பான், தேத்தண்ணி ஆறிப்போயிருக்கும், லண்டனில் மழை கொட்டும். அதே நாள் பின்னேரம் "ரொறன்ரோ மட்ச் இருக்கு, பாப்பமே?" என்றால், "யாரோட அப்பா?" என்பான். பள்ளிக்கூடத்தில் சேர்த்த நாள் முதல் உதைபந்து ஆடுகிற பிள்ளை.

எம்எல்எஸ் ஆட்டங்களை ஆப்பிளின் இணைய ஒளிபரப்பில் போட்டதும் ஒரு பங்கு காரணம். தனியாகச் சந்தா கட்டினால்தான் ஆட்டங்கள் எல்லாவற்றையும் பார்க்கலாம் என்ற நிலை மூன்று வருடம் இருந்தது. ரீவியைத் தட்டிக்கொண்டு போகிறவர் தற்செயலாகக் கண்டு ஒட்டிக்கொள்ளும் வழி அடைபட்டது. 2026இலிருந்து அந்தத் தனிச் சந்தாவை எடுத்துவிட்டார்கள். பிழையென்று தெரிந்துதான் எடுத்திருப்பார்கள்.

மெஸ்ஸி வந்ததும் எல்லாம் மாறவில்லையா?

நிறைய மாறியது. 2023 ஜூலை 21, மயாமிக்குப் பின்னர் வந்த புதிய அணியான இன்டர் மயாமிக்கு அவருடைய முதல் ஆட்டம். எதிரணி மெக்சிக்கோவின் குரூஸ் அசூல். கடைசி மூச்சில், 94ஆவது நிமிடத்தில், ஃப்ரீ கிக் ஒன்றை மேல் மூலைக்குள் வளைத்துப் போட்டு 2-1 என்று முடித்தார். எழுதிவைத்து நடித்ததுபோல இருந்தது. அடுத்த வருடம் கன்சாஸ் சிட்டி தன் சின்ன அரங்கை விட்டு என்எஃப்எல் அரங்கான ஏரோஹெட்டுக்கு ஆட்டத்தை மாற்ற, 72,000 பேர் வந்தார்கள். ஸ்கார்பரோ பேருந்துகளில்கூட மயாமியின் இளஞ்சிவப்புச் சட்டைகள். 2025 டிசம்பரில் மயாமி வன்கூவரை 3-1 என வென்று லீக் கிண்ணத்தையும் எடுத்தது.

ஆனால் 2024 மே மாதம் வன்கூவரில் நடந்ததையும் பாருங்கள். மெஸ்ஸி வருகிறார் என்று 51,000 பேர் டிக்கெட் வாங்கிவிட்டார்கள். ஆட்டத்துக்கு முன்னால் செய்தி வந்தது: மெஸ்ஸியும் வரவில்லை, அணியின் மற்ற நட்சத்திரங்களான சுவாரெஸும் வரவில்லை, புஸ்கெட்ஸும் வரவில்லை. அந்த வாரம் முழுக்க ஊரே பேசியது டிக்கெட் காசைப் பற்றித்தான். ஹொக்கி நட்சத்திரம் மெக்டேவிட் ஆடாத இரவில் எட்மன்டனில் சனம் முணுமுணுக்கும், ஆனாலும் தங்கள் ஒயிலர்ஸ் அணியின் ஆட்டத்தைப் பார்க்க வந்ததாகவே நினைத்துக்கொண்டு வீடு போகும். வன்கூவரில் வந்த பெருங்கூட்டம் ஓர் ஆளைப் பார்க்க வந்த கூட்டம். பீலே போன பிறகு என்ஏஎஸ்எல்லுக்கு என்ன நடந்தது என்று மேலே சொன்னேன்.

எம்எல்எஸ்ஸின் தரம் எப்படி?

கேலி செய்கிற அளவுக்கு மோசமில்லை, ஆனால் உலகின் உச்சம் இல்லை. மற்ற நான்கு லீக்குகளும் தங்கள் விளையாட்டில் உலகிலேயே முதலிடம். சுவீடனில் ஒரு பையன் ஹொக்கி நன்றாக ஆடினால் அவன் கனவு இங்கே வருவது. உதைபந்தில் ஓட்டம் எதிர்ப்பக்கம். அல்போன்சோ டேவிஸ் கானாவில் ஓர் அகதி முகாமில் பிறந்து, எட்மன்டனில் வளர்ந்து, 15 வயதில் வன்கூவருக்காக ஆடினார். 2018இல் ஜெர்மனியின் பயர்ன் மியூனிக் அவரை வாங்கியது. 2022 உலகக் கோப்பையில் குரோஷியாவுக்கு எதிராக இரண்டாவது நிமிடத்தில், உலகக் கோப்பையில் கனடிய ஆண்கள் அணியின் முதல் கோலைப் போட்டதும் அவர்தான். நாங்கள் துள்ளிக் குதித்தோம். அவர் வாராவாரம் ஆடுவதைப் பார்க்கவேண்டும் என்றால் ஜெர்மன் லீக்கைத்தான் போடவேண்டும்.

சம்பளம் இன்னொரு காரணம். 2025-26இல் ஒரு ஹொக்கி அணியின் சம்பள உச்சவரம்பு 95.5 மில்லியன் டொலர். எம்எல்எஸ்ஸின் அடிப்படைச் சம்பளத் தொகை 6 மில்லியன் அளவில். அதற்கு மேல் சில விசேட நிதிகளும், மூன்று நட்சத்திரங்களை வரம்புக்கு வெளியே எடுக்கும் விதியும் உண்டு. பெக்காமுக்காக வந்த விதி அது. அதனால் வரும் வேடிக்கை: மெஸ்ஸி ஒருவரின் சம்பளம், 20 மில்லியனுக்கு மேல், பல அணிகளின் மொத்தச் சம்பளத்தை விடக் கூட.

கடைசியாக வரும் அணியைக் கீழ் லீக்குக்கு இறக்கும் வழக்கம் எம்எல்எஸ்ஸில் ஏன் இல்லை?

அரை பில்லியன் கட்டி உள்ளே வந்தவர் ஒரு கெட்ட வருடத்துக்காக வெளியே போகச் சம்மதிப்பாரா? அவ்வளவுதான் விசயம்.

வட அமெரிக்கா என்றால் மெக்சிக்கோவும்தானே?

இந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு ஒரு ரோல்ஸ் கூடுதலாக வாங்கிக் கொடுத்தேன். 'வட அமெரிக்க விளையாட்டு' என்று பேசும்போது எல்லாரும் அமெரிக்காவையும் கனடாவையும் மட்டும் நினைத்துக்கொள்கிறார்கள். மெக்சிக்கோவைச் சேர்த்தால் கேள்வி செத்துவிடும். அங்கே உதைபந்துக்கு அடுத்தது என்ன என்றுதான் கேட்கவேண்டும். அஸ்டெக்கா அரங்கு 1970, 1986 உலகக் கோப்பை இறுதியாட்டங்களைக் கண்டது. மெக்சிக்கோ ஆட்டக்காரரை மட்டுமே சேர்க்கும் குவாதலஹாராவின் சிவாஸ் 1906இல் தொடங்கிய கழகம், அதன் பரம எதிரி கிளப் அமெரிக்கா 1916இல்.

இதற்கு எல்லையும் கிடையாது. மெக்சிக்கோ தேசிய அணி ஒவ்வொரு வருடமும் அமெரிக்க நகரங்களில் சிநேகபூர்வ ஆட்டங்கள் ஆடி அரங்குகளை நிரப்பிவிட்டுப் போகும். அமெரிக்காவில் ஸ்பானிய மொழித் தொலைக்காட்சியில் மெக்சிக்கோ லீக் பல காலமாக எம்எல்எஸ்ஸை விட அதிகம் பார்க்கப்பட்டது. களத்திலும் அப்படித்தான். 2008க்கும் 2025க்கும் இடையில் கண்டத்தின் சாம்பியன் கழகமாக வந்த ஒரே எம்எல்எஸ் அணி 2022இன் சியாட்டில். 2018இல் ரொறன்ரோ சிவாஸிடம் பெனால்டியில் தோற்றது. அதைப் பற்றி எழுதினால் இந்தப் பக்கம் நீளும், எனக்கும் இரத்தம் கொதிக்கும்.

பெண்கள் ஆட்டத்தை ஏன் யாரும் கணக்கில் எடுப்பதில்லை?

எடுத்தால் பதில் இன்னும் 'ஆம்' பக்கம் சாயும். அமெரிக்கப் பெண்கள் அணி 1991, 1999, 2015, 2019 என நான்கு உலகக் கோப்பை வென்றது. 1999 இறுதியாட்டத்துக்கு ரோஸ் போலில் 90,185 பேர். 2015 இறுதியாட்டத்தை அமெரிக்காவில் ஒரே ஆங்கில அலைவரிசையில் 25 மில்லியன் பேர் பார்த்தார்கள். கனடியப் பெண்கள் டோக்கியோவில் ஒலிம்பிக் தங்கம் வென்றார்கள். சர்வதேச ஆட்டங்களில் 190 கோல் போட்டு, ஆணிலும் சரி பெண்ணிலும் சரி உலகில் பெரும் எண்ணிக்கைகளில் ஒன்றை வைத்திருக்கும் கிறிஸ்டின் சின்கிளேர் எங்கள் நாட்டவர். 2013இல் தொடங்கிய அமெரிக்கப் பெண்கள் லீக்கான என்டபிள்யூஎஸ்எல், பெண்கள் லீக்குகளில் உலகத் தரத்துக்கு நிற்பது. ஆண்கள் லீக்கால் இன்னும் முடியாதது அது. கனடாவுக்கென்று ஒரு பெண்கள் லீக் வந்தது 2025இல்தான். வெட்கக்கேடு என்பேன்.

கனடாவில் தனியாகப் பார்த்தால்?

ரொறன்ரோவையே எடுங்கள். ஹொக்கி அணியான மேப்பிள் லீஃப்ஸ் கடைசியாகக் கிண்ணம் தூக்கியது 1967. அதற்குப் பிறகு பிறந்து பேரன் கண்டவர்கள் இருக்கிறார்கள். இருந்தும் டிக்கெட்டுக்கு அடிபிடி. ரொறன்ரோ எஃப்சி 2017இல் லீக் முதலிடம், கனடியக் கிண்ணம், எம்எல்எஸ் கிண்ணம் மூன்றையும் ஒரே வருடத்தில் வென்றது. என்னோடு வேலை செய்கிறவர்களில் அது எந்த வருடம் என்று சொல்லக்கூடியவர் ஒருவர்தான், அவரும் போர்த்துக்கீசர். 2019இல் கூடைப்பந்து அணியான ராப்டர்ஸ் கிண்ணம் வென்றபோது நகரமே தெருவுக்கு வந்தது. 2025 நவம்பர் முதலாம் திகதி பேஸ்போல் அணியான புளூ ஜேஸ் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் 11 இன்னிங்ஸ் போய்த் தோற்ற இரவில், பேஸ்போலின் விதியே தெரியாத என் மாமியார்கூட நித்திரை கொள்ளவில்லை.

அதே நகரத்தின் இன்னொரு முகம்: 1982இல் இத்தாலி உலகக் கோப்பை வென்றபோது செயின்ட் கிளேர் அவென்யூவில் இலட்சக்கணக்கானோர் திரண்டார்கள். உலகக் கோப்பை நடக்கும் ஒவ்வொரு தடவையும் கார்க் கண்ணாடிகளில் பிரேசில், போர்த்துக்கல், கானாக் கொடிகள் பறக்கும். விளையாட்டு பெரிதா, லீக் பெரிதா என்ற என் வித்தியாசத்துக்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

உலகக் கோப்பை நடத்தினால் லீக் வளருமா?

1994இல் 52 ஆட்டங்களுக்கு 35 இலட்சம் பேருக்கு மேல் வந்தார்கள், சராசரி 69,000. எட்டு வருடம் கழித்து லீக் இரண்டு அணிகளை மூடியது. 2026 உலகக் கோப்பை அமெரிக்கா, கனடா, மெக்சிக்கோ மூன்றுக்கும் பொதுவானது. 48 அணிகள், 104 ஆட்டங்கள், அவற்றில் கனடாவுக்கு 13. பிள்ளைகள் பந்தைத் தூக்குவார்கள், அதில் சந்தேகமில்லை. அவர்கள் எந்த அணியின் சட்டையைப் போடுவார்கள் என்பதுதான் சந்தேகம்.

லீக்கின் காலத்தை மாற்றப் போகிறார்களாமே?

ஆம். இதுவரை மாசியில் தொடங்கி டிசம்பரில் முடிந்தது. 2027 நடுப்பகுதியிலிருந்து ஐரோப்பா மாதிரிக் கோடையில் தொடங்கி அடுத்த வசந்தத்தில் முடியும், நடுக்குளிரில் ஓய்வு. ஐரோப்பாவோடு ஆட்டக்காரரை வாங்கி விற்க வசதி, இறுதியாட்டமும் என்எஃப்எல் நிழலிலிருந்து தப்பும். 2016 டிசம்பரில் ரொறன்ரோவில் இறுதியாட்டம் பார்த்தவர்களுக்கு இது காதில் தேன். அன்று மேலதிக நேரமும் போய், பெனால்டியும் போய், தோல்வியோடு விறைத்துப்போன காலை இழுத்துக்கொண்டு ரயிலுக்கு நடந்தோம்.

ரொறன்ரோவில் முதல் தடவை ஆட்டம் பார்க்கப் போகிறேன். ஏதாவது சொல்லுங்கள்.

எக்சிபிஷன் நிலையத்தில் இறங்கினால் அரங்கு எதிரே. ஏரிக்கரை என்பதால் மே மாதத்திலும் ஜக்கெட் வேண்டும். தெற்குப் பக்கம் கோலுக்குப் பின்னால் டிக்கெட் எடுத்தால் இருக்க முடியாது, எல்லாரும் நின்று பாடுவார்கள்.

24ஆவது நிமிடம் வரும்போது வெளியே சாப்பாடு வாங்கப் போகாதீர்கள். 2007 மே 12இல் அணியின் முதல் கோலை டானி டிச்சியோ 24ஆவது நிமிடத்தில் போட்டார். அன்றைக்கு இலவசமாகக் கொடுத்த ஆசன மெத்தைகளைச் சனம் சந்தோசத்தில் மைதானத்துக்குள் வீசியெறிந்தது, வானம் முழுக்க மெத்தை. அதற்குப் பிறகு ஒவ்வொரு உள்ளூர் ஆட்டத்திலும் அந்த நிமிடத்தில் அவர் பெயரைப் பாடுகிறார்கள். அணி மூன்று கோலால் தோற்றுக்கொண்டிருந்தாலும் பாடுவார்கள். போன தடவை என் மகன் போனைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு எழும்பி நின்றான்.